தொலைபேசியின் மறுமுனை

வேலை முடிந்த கையோடு கோலாலம்பூர்ச் சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து சேர்ந்திருக்கும் நண்பர்களே, வழக்கம்போல் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்ட கல்லூரி மாணவர்களே!

ஒரு மோசடிக்காரனைக் கதாநாயகனாக்கிய படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படத்தின் பெயர் ‘தி வுல்ஃப் ஆஃப் வால் ஸ்ட்ரீட்’. இயக்கியவர் மார்ட்டின் ஸ்கோர்செசி. நடித்தவர் லியோனார்டோ டிகாப்ரியோ. 2013 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் நாளன்று அமெரிக்காவில் வெளியானது. மூன்று மணி நேரம் ஓடும். போதை, நிர்வாணம், வாயைத் திறந்தால் வசை. நம் நாட்டுத் திரையரங்குகளுக்கு அந்தப் படம் வரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், பார்த்தவர்கள் கை தூக்குங்கள். ஆகா! வராத படத்துக்கு இத்தனை கைகளா!

நல்லது. பார்த்தவர்களிடம் ஒரு கேள்வி. அந்த மூன்று மணி நேரத்தில், பணத்தைப் பறிகொடுத்த ஒரு வாடிக்கையாளரின் முகத்தையாவது பார்த்தீர்களா? ஏமாற்றியவனின் முகம் மனப்பாடம். அவன் மனைவியின் முகம், கூட்டாளியின் முகம், அவன் ஓட்டிய கார், மூழ்கடித்த உல்லாசப் படகு எல்லாம் ஞாபகம் இருக்கும். காசைக் கொடுத்தவர் யார்? அவருக்கு என்ன வயது? எந்த வீட்டில் உட்கார்ந்து அந்தத் தொலைபேசியை எடுத்தார்? தெரியாது. படம் காட்டவில்லை. காட்டாமல் விட்டதைப் பற்றித்தான் இன்று என் பேச்சு.

முதலில் நிஜ மனிதரைச் சொல்லிவிடுகிறேன். ஜோர்டன் பெல்ஃபோர்ட். நியூயார்க்கில் குயின்ஸ் பகுதியில் வளர்ந்தவர். இறைச்சியும் மீனும் விற்கும் தொழில் தொடங்கி நொடித்துப்போனவர். பங்குத் தரகுக்கு வந்து, 1989இல் ஸ்ட்ராட்டன் ஓக்மான்ட் என்ற நிறுவனத்தை நடத்தத் தொடங்கினார். படத்தின் பெயரில் வால் ஸ்ட்ரீட் இருக்கிறதே, அவருடைய அலுவலகம் அந்தத் தெருவிலேயே இல்லை. லாங் ஐலண்டில், லேக் சக்ஸஸ் என்ற புறநகரில் இருந்தது. உச்சத்தில் ஆயிரம் தரகர்களுக்கு மேல் வேலை பார்த்தார்கள்.

அவர்கள் செய்தது என்ன? ஊர் பேர் தெரியாத சின்ன நிறுவனத்தின் பங்குகளைத் தாங்களும் தங்கள் பினாமிகளும் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் குவித்துக்கொள்வார்கள். பிறகு நூற்றுக்கணக்கான இளைஞர்கள் நூற்றுக்கணக்கான தொலைபேசிகளைக் கையில் எடுப்பார்கள். எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசுவார்கள். இந்தப் பங்கு நாளைக்கு எங்கேயோ போய்விடும், இன்றைக்கு விட்டால் போச்சு என்பார்கள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் சொந்த ஆட்களையே வாங்குவதுபோல் நிறுத்திவைத்து வியாபாரி கூட்டம் சேர்ப்பானே, அந்த வித்தைதான். நாலு பேர் வாங்குவதைப் பார்த்து நாற்பது பேர் வாங்குவார்கள். விலை ஏறும். உச்சிக்குப் போன நேரம் பார்த்து உள்ளே இருந்தவர்கள் தங்கள் பங்கை எல்லாம் விற்றுத் தள்ளிவிடுவார்கள். விலை பாதாளத்துக்குப் போகும். வாங்கியவர் பதறி, “ஐயா, என்னுடையதையும் விற்றுவிடுங்கள்” என்று அழைத்தால், தரகர் தொலைபேசியை எடுக்கமாட்டார். எடுத்தாலும், “இதை விற்று அதை வாங்குங்கள்” என்று இன்னொரு குப்பையைத் தலையில் கட்டுவார்.

1996 டிசம்பரில் தரகர் சங்கம் அந்த நிறுவனத்தைத் தொழிலை விட்டே வெளியேற்றியது. 1999இல் பெல்ஃபோர்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டார். தன்னோடு இருந்தவர்களைக் காட்டிக் கொடுக்கவும் இணங்கினார். 2003இல் நான்கு ஆண்டு தண்டனை. உள்ளே இருந்தது 22 மாதம். நீதிமன்றம் திருப்பிக் கொடுக்கச் சொன்ன தொகை 110 மில்லியன் டாலர். அது போய்ச்சேர வேண்டிய முதலீட்டாளர்கள் 1,513 பேர். அந்த எண்ணைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1,513 பேர்.

இனிப் படத்துக்கு வருவோம்.

1987 அக்டோபரில் பங்குச் சந்தை சரிந்ததில் நாயகன் வேலையை இழக்கிறான். லாங் ஐலண்டில் கடைவரிசை ஒன்றில் ஓர் அழுக்கு அலுவலகத்துக்குப் போகிறான். சில்லறைப் பங்கு விற்கும் இடம். விற்றால் பாதிக்குப் பாதி கமிஷன் என்கிறார்கள். நாயகன் தொலைபேசியை எடுக்கிறான். ஏரோடைன் என்று ஒரு நிறுவனம். உண்மையில் அது ஒரு மரக் கொட்டகை. நாயகனோ அதை உலகைப் புரட்டிப் போடப்போகும் தொழில்நுட்பம் என்று அளக்கிறான். பக்கத்து மேசைக்காரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவனைச் சுற்றி வந்து நிற்கிறார்கள், வாய் பிளந்து. மறுமுனையில் ஜான் என்று ஒருவர். நாலாயிரம் டாலருக்கு வாங்குகிறேன் என்கிறார். இரண்டாயிரம் நாயகன் பைக்கு.

அருமையான காட்சி. மனம்விட்டுச் சொல்கிறேன், அதைவிட நன்றாக அந்தக் காட்சியை எடுக்க முடியாது. நானும் சிரித்தேன். ஏன் சிரிக்க முடிந்தது? ஜான் வெறும் குரல். ஜானுக்கு முகம் இல்லை, மனைவி இல்லை, அடுத்த மாதம் கட்ட வேண்டிய வீட்டுத் தவணை இல்லை. ஜான் இருக்கும் அறைக்கு ஒரே ஒரு முறை கேமரா போயிருந்தால், மேசையில் ஒரு காபிக் கோப்பையையும் சேமிப்புப் புத்தகத்தையும் காட்டியிருந்தால், நம்மால் சிரித்திருக்க முடியுமா?

அடுத்ததாக இன்னொரு காட்சி. கூட்டாளிகளுக்கு விற்பனை வித்தை கற்றுக்கொடுக்கிறான் நாயகன். ஒலிபெருக்கியில் ஒரு வாடிக்கையாளர். வாயால் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே, கைகளாலும் இடுப்பாலும் அந்த மனிதரை ஆபாசமாக அவமானப்படுத்துகிறான். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திணறுகிறார்கள். நாம் எங்கே இருக்கிறோம்? அவர்களோடு நிற்கிறோம். அந்த அறைக்குள்ளே, அந்தக் கூட்டத்தில் ஒருவராக. மறுமுனையில் இருப்பவருக்குத் தெரியாதது நமக்குத் தெரியும். அது தருகிற கிளுகிளுப்பு இருக்கிறதே, மோசடிப் படங்கள் எல்லாவற்றுக்கும் அதுதான் மூலதனம்.

இப்போது மாணவர்களில் யாராவது எழுந்து, “ஐயா, அதைத்தானே இயக்குநர் வேண்டுமென்றே செய்திருக்கிறார்” என்று கேட்கலாம். கேட்க வேண்டும். படம் எடுத்தவர்கள் தரப்பும் அதுவே. பெல்ஃபோர்ட்டின் கண்ணால் பார்க்கிற கதை இது. அவன் கண்ணுக்கு அவர்கள் தெரியவில்லை, ஆகவே படத்திலும் தெரியவில்லை. இதை நாங்கள் ஆதரிக்கவில்லை, காட்டுகிறோம் என்றார்கள். வாதம் வலுவானது. ஸ்கோர்செசி விவரம் தெரியாதவரா என்ன? குற்றவாளிகளின் உலகத்தை ஐம்பது ஆண்டுகளாகத் திரையில் அளந்தவர். படத்தின் பிற்பகுதியில் ஓர் இடம். வழக்கை முடித்த எஃப்பிஐ அதிகாரி சுரங்க ரயிலில் வீட்டுக்குப் போகிறார். எதிரே சோர்ந்த மனிதர்கள். யாரும் பேசுவதில்லை. மூன்று மணி நேரத்தில் கேமரா சாதாரண ஜனங்களை நிதானமாகப் பார்ப்பது அங்கேதான். சில நொடிகள். அந்தச் சில நொடிகளுக்காக ஸ்கோர்செசிக்கு என் வணக்கம்.

ஆனால் படம் எப்படிப் பார்க்கப்படும் என்பதையும் அந்தப் படமே சொல்லியிருக்கிறது! 1991இல் ஃபோர்ப்ஸ் இதழ் இந்த நிறுவனத்தைப் பற்றி எழுதியது. நிஜமாகவே எழுதியது. பெல்ஃபோர்ட்டைக் கோணல் ராபின் ஹூட் என்று கேலி செய்தது. பணக்காரனிடம் பறித்துத் தனக்கும் தன் கூட்டத்துக்கும் பங்கு போடுகிறவன் என்றது. படத்தில் நாயகன் அதைப் படித்துக் கொதிக்கிறான். மறுநாள் அலுவலகத்துக்குப் போனால் வாசலில் இளைஞர் பட்டாளம். கையில் விண்ணப்பம். எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்! திட்டி எழுதிய கட்டுரையே விளம்பரமாகிவிட்டது.

இதைக் காட்சியாக எழுதத் தெரிந்தவர்களுக்குத் தங்கள் படத்துக்கும் அதே கதி வரும் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

வந்தது. உலகம் முழுக்க 39 கோடி டாலர் வசூல். ஐந்து ஆஸ்கர் பரிந்துரைகள். அகாதமி உறுப்பினர்களுக்குப் போட்டுக் காட்டியபோது, மூத்த திரைக்கதையாளர் ஒருவர் ஸ்கோர்செசியைப் பார்த்து “வெட்கக்கேடு” என்று கத்தியதாகச் செய்தி வந்தது. பெல்ஃபோர்ட்டோடு தொழில் செய்து சிறைக்குப் போன ஒரு வழக்கறிஞரின் மகள், படக் குழுவுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அப்பா பட்ட கடன் தன் பெயரில் நிற்க, நடுத்தெருவுக்கு வந்த கதையைச் சொன்னார். ஏமாந்தவர்களைத் தேடிப் போய் நியூயார்க் டைம்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டது. சிறு தொழில் நடத்தியவர்கள், முதுமைக்கென்று சேர்த்து வைத்தவர்கள். கோடீஸ்வரர்களின் பணத்தைத்தானே எடுத்தான் என்று படம் நமக்குத் தருகிற ஆறுதல் அங்கே பொடிப்பொடியானது. ஆனால் யார் படித்தார்கள்? படத்துக்கு வந்த கூட்டத்தில் நூற்றில் ஒருவர் படித்திருப்பாரா?

பெல்ஃபோர்ட்டின் கதை வேறு மாதிரிப் போனது. சிறையிலிருந்து வந்து நினைவுக் குறிப்பு எழுதினார். அது 2007இல் வந்தது. படமாயிற்று. விற்பனைக் கலை சொல்லிக் கொடுக்கும் பேச்சாளராக ஊர் ஊராக மேடை ஏறினார். படத்தின் கடைசிக் காட்சி நினைவிருக்கிறதா? நியூசிலாந்தில் ஒரு கருத்தரங்கம். மேடையில் ஒருவர் தோன்றி, உலகத்தின் தலைசிறந்த விற்பனைப் பயிற்சியாளர் வருகிறார் என்று டிகாப்ரியோவை அறிமுகப்படுத்துகிறார். அந்த அறிவிப்பாளர் யார்? சாட்சாத் ஜோர்டன் பெல்ஃபோர்ட்! 1,513 பேரில் ஒருவருக்கும் கிடைக்காத இடம் அவருக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு கேமரா திரும்பி, நாயகனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பார்வையாளர்களின் முகங்களைக் காட்டி முடிகிறது. ஏக்கம் நிறைந்த முகங்கள். இயக்குநர் நம்மைத்தான் காட்டுகிறார் என்று விமர்சகர்கள் புகழ்ந்தார்கள். புகழட்டும். ஆனால் ஐயா, விரலை நம் பக்கம் நீட்டுகிற அதே காட்சியில் குற்றவாளிக்கு மேடையும் ஒலிவாங்கியும் கொடுத்தால், ரசிகன் எதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவான்?

2013இல் அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார்கள். புத்தகங்களிலும் பட உரிமையிலும் அவருக்கு வந்தது 17 லட்சம் டாலருக்கு மேல். நான்கு ஆண்டில் ஏமாந்தவர்களுக்கென்று அவர் கட்டியது 2 லட்சத்து 43 ஆயிரம். அவர் தரப்பில் பதில் உண்டு, பேச்சுவார்த்தையும் நடந்தது. நான் தொகைகளை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன்.

மோசடிப் படத்தை வேறு மாதிரி எடுக்கவே முடியாதா? முடியும். ‘குருப்’ என்ற மலையாளப் படம் 2021இல் வந்தது. துல்கர் சல்மான் நடித்தது. தமிழிலும் வந்தது. சுகுமார குருப், காப்பீட்டுப் பணத்துக்காகத் தான் செத்துவிட்டதாக நாடகம் ஆடிய ஆள். பிணத்துக்கு என்ன செய்வது? 1984 ஜனவரியில், வண்டிக்காகச் சாலையில் காத்து நின்ற சாக்கோ என்ற திரைப்படப் பிரதிநிதியைக் காரில் ஏற்றிக் கொன்று, மாவேலிக்கரை அருகே வயல் ஓரம் காரோடு எரித்தார்கள் குருப்பும் கூட்டாளிகளும். குருப் இன்றுவரை அகப்படவில்லை. படத்தின் முன்னோட்டம் வந்ததும் சாக்கோவின் குடும்பம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. கொலைகாரனுக்கு இத்தனை மினுக்கா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. துல்கரின் உடையையும் நடையையும் படம் சீராட்டத்தான் செய்கிறது. ஆனாலும் சாக்கோவாக யாரைப் போட்டார்கள்? டொவினோ தாமஸ். பெரிய நட்சத்திரம். அவருக்கு ஒரு பெயர், ஒரு வீடு, காத்திருக்கும் கர்ப்பிணி மனைவி. அவர் சாகும்போது அரங்கம் கதாநாயகனை மறந்து அவருக்காகப் பதறியது. ஸ்கோர்செசியின் கலைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்க படம் என்று நான் சொல்லவரவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அதற்கு மனச்சாட்சி கூடுதல், அவ்வளவுதான்.

நண்பர்களே, இதுவரை அமெரிக்காவிலும் கேரளத்திலும் இருந்தோம். இனி ஊருக்கு வருவோம். நீங்கள் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பத்துக் கோடி டாலர் செலவில், கெட்ட வார்த்தை நிரம்பிய, போதை நிரம்பிய மூன்று மணி நேர ஸ்கோர்செசி படத்துக்குப் பணம் போட யார் துணிந்தது? ரெட் கிரானிட் பிக்சர்ஸ். அதை நிறுவியவர்களில் ஒருவர் ரிசா அசிஸ். நம் அன்றைய பிரதமர் நஜிப் ரசாக்கின் மனைவிக்கு முதல் திருமணத்தில் பிறந்த மகன். 2014 ஜனவரியில் கோல்டன் குளோப் விருது வாங்கிய டிகாப்ரியோ மேடையிலேயே நன்றி சொன்னார். தயாரிப்பாளர் ஜோயிக்கு, ரிஸ் என்ற ரிசாவுக்கு, ஜோவுக்கு. அந்த ஜோ, ஜோ லோ. பினாங்குப் பிள்ளை!

2016 ஜூலையில் அமெரிக்க நீதித்துறை வழக்குத் தொடுத்தது. 1எம்டிபி, நம் அரசாங்கத்தின் முதலீட்டு நிதி. அதிலிருந்து கோடிக்கணக்கில் பணம் சுருட்டப்பட்டது, அந்தப் பணத்தில்தான் இந்தப் படம் எடுக்கப்பட்டது, ஆகவே படத்தின் உரிமையையே பறிமுதல் செய்ய வேண்டும் என்றது. சுருட்டப்பட்ட மொத்தத் தொகை 450 கோடி டாலர் என்று பிற்பாடு கணக்குச் சொன்னது. வழக்கின் ஏட்டில் பெயர் சொல்லாமல் ‘மலேசிய அதிகாரி 1’ என்று ஒருவர் வந்தாரே, அந்த மாதங்களில் நாம் காப்பிக் கடைகளில் வேறு எதைப் பேசினோம்? அதற்கு முந்தைய ஆண்டுதான், 2015 ஏப்ரலில், 6 விழுக்காடு ஜிஎஸ்டி வரி வந்தது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு நம் தாய்மார்கள் கூட்டிக் கூட்டிப் பார்த்தார்கள். அந்த வரி போய்ச் சேர்ந்த நம் நாட்டுக் கருவூலம் பொறுப்பேற்ற நிதியிலிருந்துதான், அமெரிக்க வழக்கின்படி, ஹாலிவுட்டில் ஒரு மோசடிக்காரனின் களியாட்டத்துக்குச் செட் போட்டிருக்கிறார்கள். சுருட்டலின் சூத்திரதாரி என்று குற்றம் சாட்டப்பட்ட ஜோ லோ, தலைமறைவில் இருந்துகொண்டே மறுக்கிறார். ரிசா மீது இங்கே 2019இல் வழக்குப் போட்டார்கள். சொத்தைத் திருப்பித் தருவதாக ஏற்பட்ட உடன்பாட்டில் 2020 மே மாதம் வழக்கிலிருந்து விடுவித்தார்கள். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாருங்கள், பங்கு வாங்கிய ஜானைப் படத்தில் காட்டவில்லை என்றேன். படத்துக்குப் பணம் கொடுத்த நம்மைப் பெயர் வரிசையில் காட்டினார்களா? தொலைபேசியின் மறுமுனையில் நாமும்தான் இருந்திருக்கிறோம். அழைப்பு வந்ததே நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு வேடிக்கை. 2011இல் கான் திரைப்பட விழாவில் ரெட் கிரானிட் நிறுவனம் ஒரு தொடக்க விருந்து கொடுத்தது. கான்யே வெஸ்ட் வந்து பாடினார். பெல்ஃபோர்ட்டும் போயிருந்தார். உழைத்துச் சம்பாதித்த பணத்தை எவனும் இப்படிச் செலவழிக்கமாட்டான், இது திருட்டுப் பணம் என்று அன்றைக்கே தன் துணையிடம் சொன்னதாக 2017இல் ஒரு பேட்டியில் கூறினார். பாம்பின் கால் பாம்பறியும்! அப்படி அறிந்தவர் 2020இல் என்ன செய்தார்? ரெட் கிரானிட் மீது 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருந்தால் என் கதையின் உரிமையை விற்றே இருக்கமாட்டேன் என்றார். இந்த விவகாரம் முழுவதிலும் தன் முகத்தைக் காட்டி, நான் ஏமாற்றப்பட்டேன் என்று முழங்கக் கொடுத்துவைத்தவர் அவர் ஒருவரே.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறாய் என்கிறீர்களா? நேற்றுக்கூட உங்களில் ஒருவருக்கு அழைப்பு வந்திருக்கும். வங்கியிலிருந்து பேசுகிறேன், காவல் நிலையத்திலிருந்து பேசுகிறேன், உங்கள் பெயரில் வந்த பொட்டலத்தில் போதைப்பொருள் இருக்கிறது என்று. மக்காவ் மோசடி என்று நாம் பெயர் வைத்திருக்கிறோம். எழுதிக் கொடுத்த வசனம், வரிசை மேசைகள், இளம் குரல்கள், யோசிக்க நேரம் கொடுக்காத அவசரம். லேக் சக்ஸஸ் அலுவலகத்தில் நடந்ததற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? ஏமாந்த பெரியவரை வீட்டில் என்ன கேட்கிறோம்? “இவ்வளவு படித்தும் எப்படி ஏமாந்தீர்கள்?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியில் ஒரு சிரிப்பு ஒளிந்திருக்கிறது. ஒலிபெருக்கியைச் சுற்றி நின்று வாடிக்கையாளரைக் கேலி செய்து சிரித்தார்களே, அதே சிரிப்பு. அதற்குப் பயந்தே பெரியவர்கள் வெளியே சொல்வதில்லை. சொல்லாமல் போகிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் கணக்கு விட்டுக் கணக்குத் தாவுகிறது. 997 என்று ஓர் எண் இருக்கிறது. மோசடி நடந்தவுடன் அழைக்க வேண்டிய எண். எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் வயதானவர்களின் தொலைபேசியிலும் பதிந்து வையுங்கள்.

பணம் என்ன ஆயிற்று என்று சொல்லி முடிக்கிறேன். 2018 மார்ச்சில் ரெட் கிரானிட், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 6 கோடி டாலர் கட்டி அமெரிக்க அரசோடு சமரசம் செய்துகொண்டது. அதில் ஏறத்தாழ 5 கோடியே 70 லட்சத்தை 2019 மே மாதம் அமெரிக்கா நமக்குத் திருப்பி அனுப்பியது. படத்துக்குப் போன நம் பணத்தில் ஒரு பகுதி வீடு வந்து சேர்ந்தது. பெல்ஃபோர்ட் திருப்பிக் கொடுக்க வேண்டிய 110 மில்லியனில், 2018இல் அரசு வழக்கறிஞர்கள் கணக்குப்படி, இன்னும் 97 மில்லியன் பாக்கி. அந்த 1,513 பேரில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது தாண்டியிருக்கும்.

கேள்வி நேரம் உண்டு என்று அவைத் தலைவர் சொன்னார். கடைசி வரிசையிலிருந்தே தொடங்கலாம்.